கலைவாணர் கிருஷ்ணன்

உள்ளத்து உணர்ச்சி புறத்தே புலப்படும் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர், அவ்வெட்டனுள் நகையையே முதற்கண் வைத்தார். அந்நகை பிறக்கும் இடங்களையும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காகக் கூறினார். இந்நான்கனுள் எளிதிற் கைவருவது எள்ளல். நொண்டியையும் ஊமையையும், ஏழையையும் எழுத்தறியாதவனையும் எள்ளிப் பிறரை நகைக்கச் செய்வதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. எள்ளப்பட்டவனும் உடனிருந்து மனங்குளிர நகைக்குமாறு செய்தலே அரிது. அவ்வரிய செயலையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவருடைய சரிதத்தை நம் மாணவர்க்கு இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம். அவரே நாடு கலைவாணர் என்று போற்றும் என். எஸ். கிருஷ்ணன் ஆவர்.

சினிமா நடிகர் ஒருவரின் சரிதம் கல்லூரி மலருக்கு ஏற்றதாகுமோ என்று ஐயுறுவாரும் நம்முள் இருத்தல் கூடும். பள்ளியில் நான்காம் வகுப்பைக் கடவாத ஒருவர், பட்டம் பெற்றோர் பலரும் செய்யத் துணியாத அறிவுப் பணியை எங்ஙனம் செய்தார் என்பதை அறிந்தபின் அவ்வையம் தானே அகலும் என நம்புகிறோம்.

கிருஷ்ணன் 1908ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29ஆம் நாள், நாகர்கோயிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சார்ந்திருந்தது. தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். குடும்பத்தை வறுமை வாட்டியது. ஆகவே ஏடும் எழுத்தாணியும் பிடிக்கவேண்டிய பருவத்திலேயே, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றுச் சில காசு ஈட்டும் நிலை அவருக்கு நேர்ந்தது. வயிற்றின் பொருட்டுச் சென்ற இடமே அவருக்குக் கல்விக் கழகமாயிற்று. மேடையில் நிகழ்வனவற்றை நாள்தோறும் கண்டும் கேட்டும், ஆடவும் பாடவும் தாமே பழகினார். தென்கோடித் தமிழ்நாட்டில் கோயிற்கொடை நாட்களில் இரவு முழுதும் நிகழும் வில்லுப்பாட்டிலும் தேர்ச்சி எய்தினார்.

1925ஆம் ஆண்டில் டி. கே. எஸ். சகோதரர்கள் ஸ்ரீ பாலஷண்முகானந்த சபை என்னும் நாடகக் கம்பெனியைத் தொடங்கினர். கிருஷ்ணன் அதிற் சேர்ந்து ஊரூராகச் சென்று நடித்தார். அக்காலத்து நாடகங்களில் பபூன் என்பான் கதைக்குத் தொடர்பின்றி இடையிடையே தோன்றி ஏதேனும் பேசிச் செல்வது வழக்கம். அவன் பேச்சில் ஆபாசமும் கலந்திருக்கும். உயர்குடிப் பெண்டிர் அதற்கஞ்சி முகந்திருப்புவர். இந்நிலையிற் கிடந்த நகைச்சுவையைத் தூய்மைப்படுத்தி, வீட்டிலுள்ளார் அனைவரும் ஒருங்கிருந்து கேட்டு மகிழ்தற்குரியதாகச் செய்தமை கிருஷ்ணனின் முதற் பெருந்தொண்டு எனலாம்.

பேசும்படம் தமிழ்நாட்டில் வேரூன்றியபோது நாடக நடிகர் பலரும் அத்துறையை நாடினர். டி. கே. எஸ். சகோதரர்கள் நடித்து 1935இல் வெளிவந்த மேனகாவிலும், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1936இல் வெளிவந்த சதிலீலாவதியிலும் கிருஷ்ணன் தோன்றினார். பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சராக விளங்கிய எம். ஜி. இராமச்சந்திரனுக்கும் சதிலீலாவதியே முதற்படம். வசந்தசேனா என்னும் படத்தின் பொருட்டுப் புனா நகருக்குச் சென்றிருந்த காலத்தில், உடன் நடித்த டி. ஏ. மதுரம் அம்மையாரைக் கிருஷ்ணன் மணந்தார். நாகம்மாள் என்பாரை அவர் முன்னரே மணந்திருந்தார் என்பதையும், அதனை மதுரம் அம்மையார் பின்னரே அறிந்தார் என்பதையும் மறைத்தல் சரிதம் எழுதுவோர்க்கு அழகன்று. குறையே இல்லாத தெய்வப் பிறவியாக அவரைக் காட்டுதல் நம் நோக்கமன்று.

அதுமுதல் கிருஷ்ணனும் மதுரமும் இணைபிரியாது நடிக்கலாயினர். ஒருவர் வினவ மற்றவர் விடையிறுக்க, கணவனும் மனைவியும் வீட்டுத் திண்ணையில் உரையாடுவதேபோல அவர்தம் நகைச்சுவை அமைந்தது. அம்பிகாபதி, சகுந்தலை, அசோக்குமார், கண்ணகி, ஹரிதாஸ் முதலிய படங்களில் அவர் பங்கு கொண்டார். படமெடுப்போர் நகைச்சுவைப் பகுதி முழுவதையும் அவர் பொறுப்பில் விட்டுவிடுவர். புளிமூட்டை இராமசாமி முதலிய தம் குழுவினரோடு அப்பகுதியை அவரே கற்பித்து அமைத்துக் கொடுப்பார்.

பிரெஞ்சு நாட்டு மாக்ஸ் லிந்தர், ஆங்கில நாட்டிற் பிறந்த சார்லி சாப்ளின் என்னும் இருவரும் பேசாப்படத்தில் மெய்யசைவினாலேயே உலகை நகைக்க வைத்தவர்கள். நம் கிருஷ்ணனை இந்திய நாட்டுச் சாப்ளின் என்று புகழ்வார் உளர். சாப்ளின் மொழியின்றி உலகனைத்தையும் ஆண்டார். கிருஷ்ணனோ தமிழ்ச் சொல்லையும் நாட்டுப்புறப் பாட்டையும் தம் கருவியாகக் கொண்டார். ஆயினும் எளியவனைத் தாழ்த்தாது நகைக்கச் செய்தலில் இருவரும் ஒரு நிகரானவரே. 1941இல் வெளிவந்த சந்திரஹரி இதற்குச் சான்றாகும். பொய்யே பேசாத அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாக்கி, மெய்யே பேசாதவன் ஒருவனைத் தலைவனாகக் கொண்டு பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய நாடகம் அது. அதிற் கிருஷ்ணனே தலைவனாக நடித்தார்.

புகழின் உச்சியில் அவர் நின்ற காலத்தில் பேரிடி விழுந்தது. நடிகர்களைப்பற்றி அவதூறு எழுதிவந்த பத்திரிகாசிரியர் லட்சுமிகாந்தன் 1944ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டு மாண்டார். அக்கொலைக்குச் சதி செய்தனர் என்னும் குற்றச்சாட்டின்மேல், இசையரசர் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் டிசம்பர் மாதம் சிறைப்பட்டனர். 1945இல் ஜூரிகள் குற்றவாளிகள் எனக் கூற, இருவர்க்கும் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த அப்பீலும் பயன்படவில்லை. இறுதியாக இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்றது. மீண்டும் ஆராயுமாறு அக்கவுன்சில் சென்னைக்கே வழக்கைத் திருப்பியனுப்ப, 1947ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உயர்நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர் என விடுவித்தது. இரண்டாண்டுக்கு மேற்பட்ட காலம் சிறையில் கழிந்தது.

இவ்விடத்தில் மதுரம் அம்மையாரின் உறுதியை நினைத்தல் வேண்டும். கணவர் சிறையிலிருக்க, வழக்குச் செலவோ மலைபோல் வளர, அவர் சோர்ந்து அமரவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு என். எஸ். கே. நாடக சபையை நடத்திக் குழுவினர் சிதறாமற் காத்தார். பைத்தியக்காரன் என்னும் படத்தையும் எடுக்கத் தொடங்கினார். விடுதலை பெற்றுவந்த கிருஷ்ணனும் அதிற் சேர்ந்து நடிக்க, அது 1947இல் வெளிவந்தது.

பாகவதரோ சிறையினின்று மீண்டபின் பழைய நிலையை எய்தவில்லை. அவர் படங்கள் முன்போல் ஓடவில்லை. 1959இல் அவர் காலமானார். ஒரே துன்பத்திற்கு ஆளான இருவருள் கிருஷ்ணன் மட்டும் மீண்டெழுந்ததற்குக் காரணம் யாது? காலத்தின் சுவை மாறியதும் ஒரு காரணமாகலாம். எனினும், துன்புறுத்தியோர்மேல் வெறுப்பைச் சுமந்து வாராது, சொல்லவேண்டிய புதுக் கருத்துக்களைச் சுமந்து அவர் வெளிவந்தார் என்பதே நம் துணிபு. பம்மல் சம்பந்த முதலியார் முன்னிலையில் கலைவாணர் என்னும் பட்டம் அவருக்குச் சூட்டப்பெற்றதும் அவ்வாண்டிலேயே ஆம்.

அப்புதுக் கருத்துக்கள் முழுவடிவம் பெற்றது 1949இல் வெளிவந்த நல்லதம்பியில். கதை வசனம் எழுதியவர் அறிஞர் அண்ணாதுரை; இயக்கியவர் கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையர். 1937இல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுதும் பரவியிருந்தது. சட்டத்தால் மூடிய கள்ளுக்கடை குடிப்போன் உள்ளத்திலும் மூடவேண்டுமென்பதே அப்படத்தின் கருத்து.

அப்படத்தில் வரும் கிந்தனார் காலட்சேபத்தை மாணவர் ஒவ்வொருவரும் அறிதல் நலம். நந்தனார் சரித்திரத்தைப் பாகவதர்கள் கதையாகச் சொல்லும் முறையையே கிருஷ்ணன் கையாண்டார். நந்தன் சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கினான். கிந்தனோ கல்விக்கு ஏங்குகிறான். எல்லாச் சாதியாரையும் ஒரே வண்டியில் ஏற்றிச் செல்லும் புகைவண்டியைப் போற்றியவண்ணம் பட்டணம் செல்கிறான், கற்றுத் தேர்கிறான், பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாக மீள்கிறான். கதை கேட்போர் முதலில் அதன் வேடிக்கையைக் கண்டு நகைப்பர். நகைத்து முடிந்தபின், தாம் இதுகாறும் யாரை வாயிலிற் புறத்தே நிறுத்திவைத்தோம் என்னும் நினைவு நெஞ்சிலே தைக்கும். எள்ளல் ஈண்டு உண்டு. அது கிந்தனை நோக்கியதன்று, அவனைத் தடுத்த வழக்கத்தை நோக்கியது.

இக்கதையின் உண்மை நமக்கு அயலானதன்று. ஜவ்வாது மலையடிவாரத்தில் செய்யாற்றை அடுத்து விளங்கும் கலசப்பாக்கத்தையும், அதற்கு மேலுள்ள மலையூர்களையும் எண்ணிப் பாருங்கள். அத்தகைய ஊர்களில் தம் குலத்தில் முதல்வராகக் கல்லூரிப் படியேறும் இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு கிந்தனாரே. புத்தகம் புகாத சிற்றூர்க்கும் டூரிங் கொட்டகை புகுந்த காலம் அது. மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து படம் பார்த்த உழவர்க்கும் கூலியாளர்க்கும், கல்வியின் அருமையை நகையோடு ஊட்டிய ஆசிரியர் கிருஷ்ணன்.

காந்தியடிகளிடத்து அவர் கொண்ட பக்தி பெரிது. அடிகள் மறைந்தபின் நாகர்கோயிலில் தம் செலவிலேயே நினைவுத் தூண் ஒன்றை எழுப்பினார். காந்தி சரிதத்தை வில்லிசையாகப் பாட விரும்பி, திருநெல்வேலிச் சீமை இளைஞர் சுப்பு ஆறுமுகத்தை 1948இல் சென்னைக்கு அழைத்துவந்தார். 2022இல் மறையும்வரை அவ்விளைஞர் வில்லிசையை வளர்த்த வரலாறு நாடறிந்தது. 1951இல் மணமகளையும், 1952இல் பணத்தையும் கிருஷ்ணனே இயக்கினார். விசுவநாதன்–இராமமூர்த்தி என்னும் இசையிரட்டையர் முதன்முதல் இணைந்து இசையமைத்தது பணத்திலேயே.

அவர் ஈகையைப்பற்றி வழங்கும் செய்திகள் பல. தர்மக் கணக்கு மிகுந்திருக்கக் கண்டு ஐயுற்ற வருமானவரி அதிகாரி ஒருவர், வறியவர்போல் மாறுவேடம் பூண்டு அவரிடம் சென்றாராம். மகள் திருமணத்துக்குப் பொருள் வேண்டுமென்று கேட்க, கிருஷ்ணன் வினவாமலே எடுத்துக் கொடுத்தாராம். அதிகாரி நாணித் தம்மை வெளிப்படுத்திக்கொண்டார் என்பர். இக்கதை நிகழ்ந்தவாறே வழங்குகின்றதோ அன்றோ, இத்தகைய கதை அவரைப்பற்றியே பிறந்தமை கருதத்தக்கது. இவ்வீகை அவருக்கு இன்பம் தந்தது. குடும்பத்துக்கு இடரும் தந்தது. வந்த பொருளெல்லாம் வந்த வழியே சென்றது. இறுதி நாட்களில் நோயும் பொருள்முடையும் ஒருங்கே அவரை வருத்தின. அளவறிந்து ஈதல் வேண்டுமென நீதிநூல்கள் கூறும். கிருஷ்ணன் அவ்வளவை அறிந்திலர். அதனைக் குற்றமென்று கூற நமக்கு மனம் துணியவில்லை.

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30ஆம் நாள், நாற்பத்தொன்பது வயது நிறையுமுன், சென்னையில் அவர் காலமானார். 1937இல் வெளிவந்த அம்பிகாபதியில் நடித்த அவர், இருபதாண்டு கழித்து அதே பெயரில் எடுக்கப்பட்ட படத்திலும் நடித்திருந்தார். அது அவர் மறைவின்பின்னர் வெளிவந்தது. 1969ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தியாகராய நகரில் அவர் சிலையைத் திறந்துவைத்தவர் முதலமைச்சர் அண்ணாதுரை. கடும்பிணியையும் பொருட்படுத்தாது வந்து நண்பர்க்கு அக்கடனை ஆற்றிய அவர், அடுத்த மாதமே மறைந்தார். சென்னையில் அரசினர் மன்றம் ஒன்று கலைவாணர் அரங்கம் எனப் பெயர்பெற்றது. 2020இல் பெருந்தொற்று பரவிய காலத்தில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கூடியதும் அவ்வரங்கிலேதான்.

மாணவர்காள்! விடுதியிலும் வகுப்பிலும் நாம் நாள்தோறும் நகைக்கின்றோம். மலையூரிலிருந்து வந்தவனின் பேச்சைக் கேட்டு நகைக்கின்றோம்; ஆங்கிலம் தடுமாறுவோனைக் கண்டு நகைக்கின்றோம். அந்நகையால் அவன் நம்மோடு நெருங்குகின்றானா, நம்மை விட்டு விலகுகின்றானா என்று நம்மையே வினவிக்கொள்ளும் பழக்கம் நமக்கு வாய்க்குமாயின், கிருஷ்ணன் சரிதத்தைப் படித்த பயனை நாம் முற்றும் அடைந்தோம் ஆவோம்.