ஜான் வெஸ்லி கண்ட இளைப்பாறுதல்



வாரத்தில் இரண்டு நாள் உபவாசம். அதிகாலை நான்கு மணிக்கு எழும்பி ஜெபம். சிறைச்சாலை ஊழியம். ஏழைகளுக்கு உதவி. இப்படி ஒருவர் நம்ம சபையில் இருந்தால் என்ன சொல்வோம்? இவரல்லவோ பரிசுத்தவான் என்போம். ஆனால் அந்த மனுஷனுக்குள்ளே சமாதானம் இல்லையே! அவர்தான் ஜான் வெஸ்லி.

1703-ம் ஆண்டு இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் சாமுவேல் ஒரு குருவானவர். தாயார் சூசன்னா ஜெபத்திலும் ஒழுங்கிலும் பிள்ளைகளை வளர்த்தவர்கள். 1709-ல் வீடு தீப்பற்றி எரிந்தபோது, ஐந்து வயது ஜானை ஜன்னல் வழியாகத் தூக்கிக் காப்பாற்றினார்கள்.

ஆக்ஸ்போர்டில் படித்து, 1728-ல் குருவானவராக அபிஷேகம் பெற்றார். அங்கே தம்பி சார்லஸ் முதலானோரோடு ஒரு சிறு கூட்டமாய்க் கூடினார். புதன், வெள்ளி உபவாசம். ஒவ்வொரு மணி நேரத்தையும் எப்படிச் செலவழித்தோம் என்று நாட்குறிப்பில் எழுதித் தன்னையே சோதிப்பார். எல்லாம் முறைப்படி செய்கிறவர்கள் என்று மற்ற மாணவர்கள் கேலியாக வைத்த பேர்தான் மெதடிஸ்ட்.

1735-ல் அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகக் கப்பல் ஏறினார். 1736 ஜனவரியில் நடுக்கடலில் பெரும் புயல். பாய் கிழிந்தது, தண்ணீர் உள்ளே பாய்ந்தது. ஆங்கிலேயர் அலறினார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த மொரேவிய விசுவாசிகளோ, பெண்களும் பிள்ளைகளும் உட்பட, அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். பிரசங்கியார் வெஸ்லிக்கு மரண பயம்! ஊருக்கெல்லாம் போதித்தவரிடத்தில் அந்தச் சமாதானம் இல்லை.

ஜார்ஜியாவில் சட்டத்தின் மேல் சட்டம் போட்டார். போல்சியஸ் என்ற தேவபக்தியுள்ள ஜெர்மானிய போதகருக்குக்கூட, ஞானஸ்நானம் சபை முறைப்படி நடக்கவில்லை என்று கர்த்தருடைய பந்தியை மறுத்தார். ஒரு பெண்ணுக்கும் மறுத்தார், அது வழக்காயிற்று. 1737 டிசம்பரில் தோல்வியோடு அந்த ஊரை விட்டுப் புறப்பட்டார்.

இதைப் படித்தபோது என் நெஞ்சில் அறைந்தது போலிருந்தது. சில வருஷங்களுக்கு முன் நம்ம சபைக்குப் புதிதாக வந்த ஒரு சகோதரி காதில் கம்மல் போட்டிருந்தார்கள். அப்பம் பிட்கும் ஆராதனையில் தட்டை அவர்களுக்கு நீட்டாமல் தாண்டிக் கொண்டுபோனது வேறு யாருமல்ல, நான்தான். பரிசுத்தத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குத் திருப்தி. அந்த சகோதரி மறுபடியும் வரவில்லை. என் உபவாச நாட்களை எண்ணி வைத்த நான், போன ஆத்துமாவை எண்ணவில்லை.

வெஸ்லியை ஆண்டவர் விட்டுவிடவில்லை. 1738-ல் லண்டனில் பீட்டர் போலர் என்ற மொரேவிய ஊழியர் அவரைச் சந்தித்து, கிரியையினால் அல்ல, கிறிஸ்துவை விசுவாசிக்கிறதினால் மாத்திரமே இரட்சிப்பு என்று வேதத்திலிருந்து காட்டினார். மே 24 சாயங்காலம் மனமில்லாமல்தான் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்துக்குப் போனார். அங்கே ஒருவர், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய எட்டே முக்கால் மணி. வெஸ்லியின் இருதயம் அனலடைந்தது. கிறிஸ்து தன் பாவத்தையும் சுமந்து தீர்த்தார் என்ற நிச்சயம் உண்டாயிற்று. தம்பி சார்லஸுக்கு மூன்று நாள் முன்னமே அந்தச் சமாதானம் கிடைத்திருந்தது.

அப்புறம் உபவாசத்தை விட்டாரா? விடவில்லை. நான்கு மணி ஜெபத்தை விட்டாரா? அதையும் விடவில்லை. சோர்வும் சந்தேகமும் சில வேளை வரத்தான் செய்தன. ஆனால் முன்னே வேலைக்காரனைப் போல, வீட்டில் இடம் கிடைக்குமா என்று பயந்து செய்தவர், இப்போது பிள்ளையாய், இது என் அப்பா வீடு என்று செய்தார்.

1739-ல் பிரிஸ்டலில் திறந்தவெளியில் பிரசங்கிக்க ஆரம்பித்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல், பெரும்பாலும் குதிரையில், ஏறக்குறைய 4 லட்சம் கிலோமீட்டர் சுற்றி, சுமார் 40,000 பிரசங்கங்கள் செய்தார். 1749-ல் போல்சியஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தபோது, அன்று அவரை நடத்தின விதத்தை நினைத்து வருந்தித் தன் நாட்குறிப்பில் எழுதினார். 1791 மார்ச் 2-ல், 87-ம் வயதில், சமாதானத்தோடே ஆண்டவரண்டை சேர்ந்தார். அவருடைய போதனையிலிருந்து பரிசுத்த இயக்கமும், அதிலிருந்து நம்முடைய பெந்தெகொஸ்தே எழுப்புதலும் கிளைத்தன.

போன மாதம் அந்த சகோதரியின் வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி போட்டுக் கொடுத்தார்கள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரியமானவர்களே, வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறீர்களா? மத்தேயு 11:28-ஐ இன்று இரவு முழங்காலில் நின்று வாசியுங்கள். உங்கள் உபவாசக் கணக்கை அல்ல, வெறுங்கையை அவரிடம் நீட்டுங்கள். இளைப்பாறுதல் தருகிறவர் அவர். உங்கள் கையால் யாருக்காவது அந்தக் கதவு அடைபட்டிருந்தால், தாமதிக்காமல் அந்த வீட்டுக்குப் போங்கள்.

கிருபை உங்களோடிருப்பதாக. ஆமென்.