பொதுப் பாதையும் பொதுக் கிணறும்: இரட்டைமலை சீனிவாசன் வாழ்வில் நமக்குள்ள பாடம்



 



நபித்துவம் கிடைப்பதற்கு முன்பே நம் நாயகம் (ஸல்) அவர்கள் கலந்துகொண்ட ஓர் உடன்படிக்கை உண்டு. எமன் நாட்டு வியாபாரி ஒருவர் மக்காவுக்குச் சரக்கு கொண்டுவந்தார். வாங்கிக்கொண்ட பெரிய மனிதர் பணம் தரவில்லை. வெளியூர்க்காரருக்கு அங்கே ஆதரவு ஏது? அப்போது குறைஷியரில் சிலர் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் கூடி, மக்காவில் யாருக்கு அநீதி நடந்தாலும் அவர் பக்கமே நிற்பது என்று ஒப்பந்தம் செய்தார்கள். அதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். இஸ்லாம் வந்த பிறகும், அப்படி ஓர் அழைப்பு வந்தால் ஏற்றுக்கொள்வேன் என்ற கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நீதிக்காகக் கூடியவர்கள் யாராக இருந்தாலும் அவர்களின் வரலாறு நாம் படிக்க வேண்டிய வரலாறு என்பது இதிலிருந்து விளங்குகிறது.

அந்த அடிப்படையில், நம் தமிழ் மண்ணில் தன் மக்களுக்காக ஒரு சங்கம் கட்டிய ஒருவரின் வாழ்வை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன். அவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன்.

மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போன மாணவர்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் அவர் பிறந்த ஊர். 1860ஐ ஒட்டிப் பிறந்தவர். இரட்டைமலை என்பது அவருடைய தந்தையின் பெயர். பறையர் சமூகத்தில் பிறந்த அவர் கோயம்புத்தூரில் படித்தார். சுமார் 400 பேர் படித்த அந்தக் கல்விக்கூடத்தில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். கூடப் படிப்பவர்களிடம் நெருங்கிப் பழகினால் ஊர் எது, உறவு யார் என்று கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும், தெரிந்தால் அவமானப்படுத்துவார்கள். அதற்கு அஞ்சி, வெளியிலேயே படித்துக்கொண்டிருந்துவிட்டு மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். 1939ல் வெளிவந்த தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

உங்கள் பிள்ளையை அந்த இடத்தில் வைத்து நினைத்துப் பாருங்கள். விளையாட வேண்டிய வயதில், யாரும் தன்னிடம் பேசிவிடக் கூடாதே என்று ஒதுங்கி நிற்கும் பிள்ளை. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் லண்டனில் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்து தன் மக்களுக்காக வாதாடியது.

சங்கம், பத்திரிகை, மனு

படிப்பு முடிந்து நீலகிரியில் வெள்ளைக்காரர் கம்பெனியில் கணக்கராகப் பத்தாண்டு அளவில் வேலை பார்த்தார். 1890ல் சென்னைக்கு வந்தார். 1891ல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கி, அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார்.

எந்தச் சொல்லை ஊரார் இழிவாகச் சொன்னார்களோ, அதையே தலைப்பில் போட்டார். அந்தப் பெயரைச் சொல்ல அவருடைய மக்களே வெட்கப்பட்டார்கள். அவருடைய தங்கையை மணந்த அயோத்திதாசப் பண்டிதர்கூட அந்தப் பெயரை ஏற்கவில்லை. ஆனால் சீனிவாசன், பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது என்று நினைத்தார். நான்கு பக்கம், விலை இரண்டணா. முதல் இதழ் சென்னையில் மட்டும் இரண்டு நாளுக்குள் 400 பிரதிகள் அளவில் விற்றது. மாத இதழாகத் தொடங்கியது மூன்றே மாதத்தில் வார இதழானது.

அதே 1893 டிசம்பரில் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அவர் கூட்டம் கூட்டி எதிர்ப்பு மனு தயாரித்தார். இங்கே தேர்வு வைத்தால் படித்த மேல்சாதியாரே அதிகாரிகளாக வருவார்கள், தன் மக்கள் மீதான பிடி இன்னும் இறுகும் என்பது அவர் வாதம். 3412 பேர் கையெழுத்திட்ட அந்த மனு 112 அடி நீளம் இருந்தது. அது இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்குப் போனது. அவருடைய வாதத்தை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அதுவரை மற்றவர்கள் இவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று இவர்களே தங்களைப் பற்றிப் பேசினார்கள். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

சகோதரர்களே, கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சமத்துவத்துக்காக 1909ல் ஒரு பெரிய சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே டூ பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் அதற்கென ஒரு பத்திரிகை நடத்தினார். சங்கம், பத்திரிகை, மனு, வழக்கு என்ற அதே வழி. சென்னையில் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த வழியில் ஒருவர் நடந்துவிட்டார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பத்திரிகை நின்றது, சபை நிற்கவில்லை

1900ல் சீனிவாசன் கப்பலேறினார். லண்டன் போய்த் தன் மக்களின் குறையை நேரில் சொல்வது நோக்கம். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்கா வழியாகத் தென்னாப்பிரிக்காவில் அவர் வாழ்வு நிலைகொண்டது. அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள், பேசும் மொழி புரியாமல் நீதிபதி முன் நின்ற காலம் அது. காந்தியடிகளும் அப்போது அங்கே வழக்கறிஞராக இருந்தார். இருவருக்கும் பழக்கம் உண்டு.

அவர் இங்கே இல்லாததால் 'பறையன்' பத்திரிகை 1900ல் நின்றுபோனது. ஒருவர் தோளில் மட்டும் நிற்கும் பணிக்கு இதுதான் கதி. ஆனால் சபை நிற்கவில்லை. ஆதி திராவிட மகாஜன சபை என்ற பெயரில் அது தொடர்ந்தது. ஆசிரியராக இருந்த எம்.சி. ராஜா 1916ல் அதன் செயலாளரானார். பிறகு சென்னைச் சட்டமன்றத்துக்கும் போனார். அரசுப் பதிவுகளில் ஆதி திராவிடர் என்ற பெயரே இருக்க வேண்டும் என்று 1922ல் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர்தான். ஒருவர் ஊரில் இல்லாத இருபது ஆண்டில், அந்த மேடை இன்னொரு தலைவரை ஆளாக்கியிருந்தது.

1924 ஆகஸ்ட் 22

தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய சீனிவாசன் 1923ல் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1924 ஆகஸ்ட் 22ல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றில் எந்தச் சாதியாரும் போகலாம், பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அரசு அதை ஆணையாக்கி அரசிதழில் வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச்சில்தான் கேரளத்தில் வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியிருந்தது. அங்கே சாலையில் நின்று கேட்டதை, இவர் சபையில் நின்று கேட்டார். மதுக்கடைகளுக்கு எதிராகவும் அங்கே குரல் கொடுத்தார். கூலி வாங்கும் நாளில் கள்ளுக்கடை எத்தனை குடும்பங்களை அழிக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

1930லும் 1931லும் லண்டன் வட்டமேசை மாநாட்டில், ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக டாக்டர் அம்பேத்கரும் இவரும் போனார்கள். தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி கேட்டார்கள். 1932ல் அது கிடைத்தது. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24ல் பூனா ஒப்பந்தம் ஆனது. தனித்தொகுதி போனது, ஒதுக்கீட்டு இடங்கள் 148 ஆயின; சென்னை மாகாணத்துக்கு 30. அதில் சீனிவாசனும் கையெழுத்திட்டார். 1945 செப்டம்பர் 18ல் காலமானார். சென்னை ஓட்டேரியில் அடக்கமானார்.

அவர் நம்மை நோக்கி விட்டுச்சென்ற கேள்வி

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1935ல் அம்பேத்கர் மதம் மாறப்போவதாக அறிவித்தபோது சீனிவாசன் அதை ஏற்கவில்லை. தன் மக்கள் வருணத்துக்கு வெளியே உள்ளவர்கள், விட்டு வெளியேற என்ன இருக்கிறது என்பது அவர் நிலை. இதைப் படிக்கும் முஸ்லிமாகிய உங்களுக்கு அது உறுத்தலாம். ஆனால் வாதத்தால் அவருக்குப் பதில் சொல்ல முடியாது. நம் மஹல்லாதான் பதில் சொல்ல வேண்டும்.

நம்மிடம் இருப்பது என்ன? நிறத்தாலும் குலத்தாலும் உயர்வு இல்லை, இறையச்சமே உயர்வு என்று ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. மக்கா வெற்றியின்போது கஅபாவின் மேல் ஏறி பாங்கு சொன்னவர்கள் அபிசீனிய அடிமையாக இருந்த பிலால் (ரலி) அவர்கள். உஸாமா பின் ஜைத் (ரலி) அவர்களின் தந்தை விடுதலை பெற்ற அடிமை, தாய் அபிசீனியப் பெண்மணி. இருபது வயதைத் தொடும் முன்னரே, மூத்த ஸஹாபிகள் இருந்த படைக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அந்த உஸாமாவைத் தளபதியாக்கினார்கள். இரக்கப்பட்டு ஸதகா கொடுப்பது ஒன்று. பொறுப்பைக் கொடுத்து ஆளாக்குவது வேறு.

இனி நம் ஊரைப் பாருங்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்முடியனூர் கோயிலுக்குள் ஆதி திராவிட மக்கள் 2023 ஜனவரியில், போலீஸ் பாதுகாப்போடுதான் நுழைய முடிந்தது. அடுத்தவர் வீட்டுக் குறையைச் சுட்ட இதைச் சொல்லவில்லை. நம் ஸஃப்பில் தோளோடு தோள் சேர்கிறது; ஸலாம் கொடுத்து வெளியே வந்த பிறகு என்ன நடக்கிறது? இஸ்லாத்துக்கு வந்த சகோதரர் பெண் கேட்டு வந்தால், அவருடைய பழைய சாதியை விசாரிக்கிறோமா இல்லையா? ஆரணிப் பட்டுத் தறியில் கூலிக்கு நெய்பவரும், கலசப்பாக்கம் தெருவைப் பெருக்கும் பெண்ணும் நம் வீட்டுத் தண்ணீரை எந்தப் பாத்திரத்தில் குடிக்கிறார்கள்? ஜமாஅத் நிர்வாகக் கூட்டத்தில் கூலிக்காரர் ஒருவர் உட்கார்ந்து பேச இடம் இருக்கிறதா?

சகோதரர்களே, மூன்று காரியங்களை நீங்கள் இந்த வாரமே தொடங்கலாம். நிர்வாகத்தில் இதுவரை யாரும் அழைக்காத குடும்பத்திலிருந்து ஓர் இளைஞரை அழைத்து, கணக்கு எழுதவும் கூட்டம் நடத்தவும் பழக்குங்கள். பைத்துல்மாலில் அரிசிக்கும் மருந்துக்கும் ஒதுக்குவது போல, அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். பக்கத்துக் காலனியில் யாருக்காவது பாதையோ தண்ணீரோ மறுக்கப்பட்டால், கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும் அவர்களின் மனுவில் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். 112 அடி மனுவும் ஒவ்வொரு கையெழுத்தாகச் சேர்ந்துதான் நீண்டது.

ஹில்ஃபுல் ஃபுளூலில் கூடியவர்களைப் போல, அநீதிக்கு ஆளானவர் பக்கம் நிற்கும் மக்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் ஆக்குவானாக! குலப்பெருமை என்னும் நோயிலிருந்து நம் உள்ளங்களைத் தூய்மைப்படுத்துவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.