பெரியாற்றைத் திருப்பிய பென்னிகுயிக்

இடுக்கி மலைகளில் பெய்யும் மழை பெரியாறாகி மேற்கே கடலில் கலந்தது. மலைக்குக் கிழக்கே மதுரைச் சீமை பஞ்சத்தில் வாடியது. அந்நீரைக் கிழக்கே கொணரும் எண்ணம் இராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே உதித்தது. 1808இல் ஆராய்ந்த கால்டுவெல் என்னும் அதிகாரி, மலைமேட்டை நூறடிக்கு மேல் ஆழமாக வெட்ட நேருமென்று கண்டு, ஆகாத காரியம் என ஒதுக்கினார். 1850இல் தொடங்கிய சிறு முயற்சியும் காய்ச்சலால் நின்றது.

1841இல் புனேயில் பிறந்த பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கிடம் 1882இல் இத்திட்டம் வந்தது. எட்டாத அக்கனவை எட்டும் அளவுகளாக அவர் வகுத்தார். சுண்ணாம்பு, சுர்க்கி, கல் இவற்றாலான அணை எழுப்பி 152 அடி வரை நீரைத் தேக்குவது. உயர்ந்த அந்நீரை, ஒரு மைலுக்குச் சற்று அதிகமான சுரங்கத்தின் வழியே வைகைக்கு அனுப்புவது. ஆற்றின் ஆழத்துக்கு மலையை வெட்டும் தேவையே எழவில்லை.

1887இல் பணி தொடங்கியது. தற்காலிகக் கரைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. நோயால் நூற்றுக்கணக்கான தொழிலாளர் மாண்டனர். அவர்கள் பெயர்களை இன்று எவர் அறிவார்? ஒவ்வொரு முறையும் இழந்ததைக் கணக்கிட்டு, அடுத்த பருவத்துக்குரிய வேலையை அவர் மீண்டும் தொடங்கினார். சொந்தச் சொத்தை விற்றுக் கட்டினார் என்ற செவிவழிக் கதைக்கு ஆவணச் சான்று இல்லை; அதனால் அவர் பெருமை குன்றுவதுமில்லை.

1895 அக்டோபரில் நீர் கிழக்கே பாய்ந்தது. 1911இல் அவர் இங்கிலாந்தில் மறைந்தார். அவர் பிறந்த ஜனவரி 15ஆம் நாளில் தேனி மாவட்ட உழவர்கள் பொங்கலிடுகின்றனர்.