பழி சுமந்த மந்திரி ழான் ஸே

ஒருவர் செய்த செயலை விசாரியாது, அவர் பிறந்த குலத்தையும் சேர்ந்த சபையையும் கொண்டே குற்றந் தீர்ப்பது எத்துணைக் கொடிது என்பதற்குப் பிரெஞ்சு தேசத்து ழான் ஸே என்பாரின் சரித்திரம் தக்க சான்றாகும். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1904-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி ஓர்லேயான் நகரிற் பிறந்தார். தந்தையார் யூத குலத்தவர், பத்திரிகாசிரியர். தாயார் புராட்டஸ்டண்டு மதத்தவர், பள்ளி ஆசிரியை. வக்கீல் தொழிலை மேற்கொண்ட ழான், 1926-ல் தந்தையாரைப் பின்பற்றிப் பிரீமேசன் சங்கத்திற் சேர்ந்தார். 1932-ல் லிபரல் கொள்கை தழுவிய ராடிகல் கட்சியின் சார்பில் பிரதிநிதி சபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். 1936-ல், 31-ம் பிராயத்திலேயே கல்வி மந்திரியாகி, கட்டாயக் கல்வியின் வயதெல்லையை 13-லிருந்து 14-ஆக உயர்த்தினார்.

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டது. மந்திரியாயிருப்பவர் படைக்குச் செல்லக் கடமைப்பட்டவரல்லர். ஆயினும், தம் வயதொத்தார் போர்முனை செல்லத் தாம் மட்டும் பதவியில் இருத்தல் தகாதெனக் கருதி, அதனைத் துறந்து சேனையிற் சேர்ந்தார்.

1940 ஜூனில் பிரான்சு தோல்வியுற்றது. பார்லிமெண்டுக் கூட்டத்தின் பொருட்டு மேலதிகாரியின் அனுமதியுடன் போர்தோ நகரடைந்த ஸே, வட ஆப்பிரிக்காவிலிருந்து போரைத் தொடரலாமென்னும் எண்ணத்துடன், அரசாங்கமே அமர்த்திய மாஸிலியா என்னும் கப்பலில் ஏனைய பிரதிநிதிகளோடு காஸாபிளாங்கா சென்றார். விஷீ அரசாங்கமோ, போர்க்களம் விட்டோடியவர் என்று குற்றஞ்சாட்டி அவரைச் சிறைப்பிடித்தது. மந்திரி பதவியை உதறிப் படையிற் சேர்ந்தவருக்கு இப்பழி! யூதர், பிரீமேசன் என்று பகைவர் நெடுநாளாகத் தூற்றி வந்ததே இதன் மூலமாகும். அக்டோபர் 4-ந் தேதி இராணுவ நீதிமன்றம் அவருக்கு நாடுகடத்தலும் இராணுவப் பதவியிழப்பும் விதித்தது. 1894-ல் நிரபராதியான திரைபஸுக்கு விதிக்கப்பட்ட தண்டனையும் இதுவே.

ரியோம் நகரச் சிறையில் அவர் மனந்தளராது தம் நினைவுகளை எழுதி வந்தார். மனைவியார் இரு பெண்மக்களுடன் அந்நகரிலேயே குடியிருந்து அவரைக் கண்டு வந்தார். 1944 ஜூன் 20-ந் தேதி, ஜெர்மானியருக்குத் துணைநின்ற மிலீஸ் படையினர், வேறு சிறைக்கு மாற்றுவதாகப் பொய்யுரைத்து அவரை அழைத்துச் சென்று, காட்டிற் கொன்று உடலை மறைத்தனர். அப்போது அவருக்கு வயது 39. 1945 ஜூலையில் அவர்மீதிருந்த தீர்ப்பு ரத்தாயிற்று. உடல் கண்டெடுக்கப்பட்டதோ 1946-ல்; இன்னாருடையதென்று தெளிந்தது 1948-ல். 2015 மே 27-ந் தேதி, தேசப் பெரியோர் துயிலும் பாரிஸ் பாந்தியோன் மண்டபத்தில் அவரது பூதவுடல் சேர்க்கப்பட்டது.

நீதி வந்தது, ஆனால் தாமதித்து வந்தது. குலாபிமானங் கொண்டு கூடியுள்ள நாம், பிறர்மீது பழி கேட்குந்தோறும் அவர் இன்னார் என்பதை விடுத்து, செய்தது யாதென்று வினவக் கடவோம்.