கிராம மருத்துவமனையில் மருத்துவர்களை உருவாக்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884)

மந்தைவெளி போன்ற நகர்ப்பகுதியில் வாழ்வோர் அரசு மருத்துவமனைக்குச் செல்லும்போது, முதலில் பரிசோதிப்பவர் பெரும்பாலும் பயிற்சி மருத்துவராக இருப்பதைக் காணலாம். நோயாளியின் அருகிருந்து கற்கும் இம்முறை தமிழ் மண்ணில் வேரூன்றப் பாடுபட்டவர்களுள் ஒருவர் மருத்துவர் கிறீன்.

இளமையும் பணியும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822-இல் பிறந்த இவர், 1845-இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1847-இல் மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், அடுத்த ஆண்டு முதல் மானிப்பாய்க் கிராமத்திலும் பணியாற்றினார்.

பயிற்சி முறை

வந்து குவிந்த நோயாளிகளை ஒருவரே கவனிப்பது இயலாதென உணர்ந்து, 1848-இல் சில மாணவர்களுடன் பயிற்சியைத் தொடங்கினார். மாணவர்கள் பாடம் படித்ததோடு, மருந்தகத்திலும் அறுவைச் சிகிச்சையிலும் அவருக்குத் துணைநின்று கற்றனர். உடையிலும் உணவிலும் அவர்கள் தங்கள் ஊர் வழக்கத்தைக் கைவிடலாகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசுப் பதவிகளை நாடிச் சென்றதால், கிராமங்களுக்கு மருத்துவர் கிடைப்பது அரிதாயிற்று. எனவே 1860-களில் பயிற்சியைத் தமிழுக்கு மாற்றினார். இதற்குத் தமிழில் பாடநூல்கள் தேவைப்பட்டன. பிரசவ வைத்தியம் (1857), இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872) முதலிய நூல்கள், அவரிடம் பயின்ற மருத்துவர்களின் துணையுடன் வெளிவந்தன. உடலுறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ச் சொற்கள் தேடித் தொகுக்கப்பட்டன.

இறுதிக் காலம்

அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பயிற்றுவித்த கிறீன், 1873-இல் தாயகம் திரும்பினார், 1884-இல் காலமானார். தாம் தமிழர்க்கு மருத்துவப் பணி செய்தவர் என்பதே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என விரும்பினார். மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

• பயிற்சி மருத்துவர் மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் பணியாற்றுபவர். மேற்பார்வையிடுபவர் யார் எனக் கேட்டறியலாம்.
• நோய், சிகிச்சை, அதன் பின்விளைவுகள் ஆகியவற்றைத் தமிழில் விளக்கும்படி கேளுங்கள்.
• ஒப்புதல் படிவத்தைப் புரிந்துகொண்ட பின்னரே கையொப்பமிடுங்கள்.

தன் நோயைத் தன் மொழியில் அறிந்தவரே சிகிச்சையை முறையாகப் பின்பற்ற இயலும்.