எட்வர்ட் லூயிட்டும் அவர்தம் ஏடுகளும்

ஒரு புலவர் அச்சிட்ட நூல்களைக் கொண்டு அவர்தம் பெருமையை அளப்பது உலக வழக்கு. வெல்ஷ் மொழிப் பேரறிஞராகிய எட்வர்ட் லூயிட் திறத்தில் அவ்வழக்குச் செல்லாது. அவர் அச்சிட்டது சிறிது. எழுதியும் தொகுத்தும் வைத்து இறந்ததோ பெரிது. அவ்வேடுகள் எய்திய கதியையே நாம் ஈண்டுச் சிறப்பாகக் கூற விழைகின்றோம்.

லூயிட் 1660ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டை அடுத்த ஷ்ராப்ஷயரில் பிறந்தார். பெற்றோர் முறைப்படி மணந்தவரல்லர். தந்தையாரோ செல்வம் குன்றியவர். 1682இல் ஆக்ஸ்போர்டு ஜீஸஸ் கல்லூரியிற் சேர்ந்த மைந்தர், பட்டம் பெறாமலே படிப்பை விடுத்து, அஷ்மோலியன் பொருட்காட்சிசாலையில் துணைவராய் அமர்ந்தார். 1691இல் அதன் தலைவருமானார். செடிகொடிகளிலும் கல்லாய்ச் சமைந்த பழைய உயிர்களிலும் அவர்க்கிருந்த பயிற்சி தனியே எழுதத் தக்கது. ஸ்நோடன் மலையில் அவர் கண்ட லில்லி மலரொன்று பின்னாளில் அவர் பெயரால் வழங்கலாயிற்று.

எனினும் அவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது தம் முன்னோர் மொழியே. வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன், ஐரிஷ் என்பன ஓரினத்தன என்பதைத் தெளிவுறக் காட்ட அவர் விரும்பினார். அதற்கு நூலறிவு மட்டும் போதாதென்று கண்டு, ஊர்களின் பெயர், பழஞ்சின்னம், வழக்கம், பேச்சு முதலியவற்றைப் பற்றிய வினாத்தாள் 4000 படிகள் அச்சிட்டு, வேல்ஸ் நாட்டுத் திருச்சபைப் பங்குகளுக்கு மும்மூன்றாக விடுத்தார். பின்பு 1697 முதல் 1701 வரை உதவியாளர் சிலருடன் தாமே வேல்ஸ், ஸ்காத்லாந்து, அயர்லாந்து, கார்ன்வால் ஆகிய நாடுகளைச் சுற்றினார். இறுதியாகப் பிரிட்டனி சென்றபோது, ஒற்றரென ஐயுற்ற அதிகாரிகள் அவர்தம் காகிதங்களைக் கைப்பற்றி, பிரெஸ்து நகரச் சிறையில் அவரைப் பதினெட்டு நாள் வைத்தனர். புரியாத மொழியிற் குறிப்பெழுதுவோன் எந்நாட்டுக் காவலர்க்கும் ஐயத்துக்குரியவன்தானே!

1707இல் 'ஆர்க்கியாலஜியா பிரிட்டானிக்கா' என்னும் அவர்தம் பெருநூலின் முதற்பகுதி வெளிவந்தது. தலை என்னும் பொருளில் வெல்ஷார் பென் என்பதை ஐரிஷார் கென் என்றது போன்ற சொற்களை அடுக்கி, ஒன்றிற் பகரம் வருமிடத்து மற்றொன்றிற் ககரம் வருதலை அவர் அதிற் காட்டினார். இவ்வொலி வேறுபாடு கொண்டே கெல்திய மொழிகளை இன்றும் இரு கிளையாகப் பகுப்பர். கார்னிஷ் மொழியை அப்போது பேசினோர் மிகச் சிலரே. அந்நூற்றாண்டு கழியுமுன் அது வழக்கொழிந்தது. அதன் ஒலியைக் கேட்டு எழுதிவைத்த லூயிட்டின் குறிப்புகளே, பின்னர் அம்மொழியை மீட்க முயன்றோர்க்குப் பெருந்துணையாயின.

மற்றைப் பகுதிகள் வெளிவரவேயில்லை. 1709ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், பொருட்காட்சிசாலையில் உள்ள தம் அறையிலேயே, நாற்பத்தொன்பது வயதளவில் அவர் இறந்தார். அவர் பட்டிருந்த கடனுக்காகப் பல்கலைக்கழகத்தார் அவ்வேடுகளைக் கைக்கொண்டனர். அவற்றைத் தொடர்ந்து பதிப்பிக்க வல்லவராயிருந்த டேவிட் பாரி, ஆசிரியருக்குப்பின் அத்தலைமையில் அமர்ந்தும், குடியால் உடல் நலிந்து 1714இல் மாண்டார். கையெழுத்துச் சுவடிகளை வாங்கிக் காக்க ஆக்ஸ்போர்டில் ஒருவரும் முன்வந்திலர். சர் தாமஸ் ஸீபிரைட் என்னும் செல்வர் அவற்றை விலைக்குக் கொண்டார். பதினெட்டாண்டு காலம் தம் சாலையைப் புரந்தவரின் உழைப்பைக் கடன்கணக்கோடு வைத்துப் பார்த்த கழகத்தாரை நாம் எளிதிற் பொறுக்கவியலாது.

அதன்பின் சுவடிகள் பல திசை சென்றன. ஐரிஷ் ஏடுகள் 1786இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்கு நன்கொடையாயின. லெக்கன் மஞ்சட்சுவடி என்னும் அரும்பெருந் தொகுதி அவ்வாறு பிழைத்ததே. வெல்ஷ் ஏடுகளின் ஊழ் வேறு. ஹாவட் மாளிகையை அடைந்தவற்றை 1807இல் தீ உண்டது. வேறு சில, கட்டடம் செய்யக் கொடுத்திருந்த லண்டன் கடையொன்றில் எரிந்தன. ஆயினும், அவர்க்கு வந்த கடிதங்கள் பல போட்லியன் நூலகத்தில் நிலைபெற்றன. ஊரார் வினாத்தாளுக்கு விடுத்த விடைகளுள் எஞ்சியவற்றைக் கேம்பிரியத் தொல்பொருட் சங்கத்தார் 1909 முதல் 1911 வரை அச்சிட்டு வெளியிட்டனர். அவர் இறந்து அப்போது இருநூறாண்டு கழிந்திருந்தது.