படியளந்த சீமாட்டி

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன், 1930-இல் நியூஜெர்சி மாநிலத்து வெஸ்ட்ஃபீல்டு ஊரில் குடியிருந்தார். அண்டையில் இருந்தவர் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். இருவருக்கும் படியளந்தவர் ஒரே வெள்ளைச் சீமாட்டி! ஸோராவுக்கு மாதம் 200 டாலர், ஹியூஸுக்கு 150. கொடுத்தது பணம், கேட்டதோ உரிமை! ஸோரா ஊர் ஊராய் அலைந்து திரட்டிய கதைகள் சீமாட்டியின் சொத்து என்று ஒப்பந்தம். செலவுக்கெல்லாம் கணக்கு வேறு.

இருவரும் கூடி 'மியூல் போன்' நாடகம் எழுதினர். தட்டச்சு செய்த பெண்ணுக்குப் பங்குண்டா என்பதில் கசப்பு மூண்டது. ஸோரா தம் பெயரிலேயே பதிவு செய்தார். 1931-இல் நட்பு முறிந்தது. இருவரையும் ஏசுவோரைக் கேட்கிறோம்: சீமாட்டியின் கணக்கேட்டைப் புரட்டினீர்களா? நாடகம் மேடையேறியது 1991-இல்!

பல நூல்கள் தந்த ஸோரா, 1950-இல் மயாமியில் வீட்டுவேலை செய்தார். 1960-இல் ஃபுளோரிடாவில் ஏழையர் விடுதியில் மாண்டார். கல்லறைக்குக் கல்லில்லை. 1973-இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் வந்து நட்டார்.